இரண்டு மணி நேரம் காத்திருந்த ரத்தம்

அவரை எல்லோரும் பஞ்சு என்றுதான் கூப்பிட்டார்கள். ஊசி குத்துவதே தெரியாது, பஞ்சை வைத்து ஒற்றும்போதுதான் 'ஓ, எடுத்தாச்சா' என்று தெரியும் என யாரோ ஒரு நோயாளி சொல்லப்போக, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தலைக்குள் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தப் பெயர் வந்தது என்று சொல்கிற இன்னொரு கட்சியும் உண்டு. அந்தக் கட்சிக்குத் தலைவர் பஞ்சுவேதான். "முதல் காரணத்தை நம்பாதீங்க. ரெண்டாவதுதான் ஆராய்ச்சில நிரூபணமானது" என்பார், கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம். அவர் சிரித்து முடிப்பதற்குள் டியூப் நிறைந்திருக்கும்.

ஆராய்ச்சிப் பிரிவு என்பது மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், நடைவழி முடிகிற இடத்தில், மூன்று அறை. ஒன்றில் ரத்தம் எடுப்பார்கள். ஒன்றில் ஆட்கள் காத்திருப்பார்கள். மூன்றாவதில் மெஷின்கள். நாலாவது அறை இல்லாததால், ஃப்ரீசருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு மேசையைச் செருகி டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். ஃப்ரீசர் உறுமுகிறபோதெல்லாம் மேசை லேசாக நடுங்கும். மூன்று வருஷமாக அந்த நடுக்கத்தோடுதான் அவர் தன் முனைவர் பட்ட ஆய்வை எழுதிக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வயதில் படிக்கச் சேர்ந்தவர். மகளும் கல்லூரியில் இருந்தாள். வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் படிப்புக் காய்ச்சல், சமைக்கிறவர் மகளின் அப்பா மட்டும்தான் என்று பஞ்சுவிடம் ஒருதரம் சொல்லியிருக்கிறார்.

டாக்டரம்மாவின் ஆய்வு, சுகர் இன்னும் வராத, ஆனால் வருகிற வழியில் இருக்கிறவர்களைப் பற்றியது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "பார்டர்ல இருக்கு, பார்த்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பப்படுகிற கூட்டம். பார்டர் என்று கேட்டதும் பலருக்கு ஒரே நிம்மதி. கோட்டுக்கு இந்தப் பக்கம்தானே நிற்கிறோம், அந்தப் பக்கம் தள்ளிவிட ஆள் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று போகிற வழியிலேயே ஒரு ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள். டாக்டரம்மாவின் கேள்வி இதுதான்: கோட்டின் இந்தப் பக்கம் நிற்கும்போதே உடம்புக்குள் கலவரம் தொடங்கிவிடுகிறதா? ரத்த அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்ளும். அந்தச் சேதிக்கு சைட்டோகைன் என்று பெயர். உடம்பில் எங்காவது புகைச்சல் இருந்தால் சேதி கூடுதலாகப் பறக்கும். எவ்வளவு பறக்கிறது என்று ரத்தத்தை எடுத்து அளந்துவிடலாம்.

பார்டர்க்காரர்கள் ஐம்பத்திரண்டு பேர். காலையில் வெறும் வயிற்றோடு வருவார்கள். பஞ்சு ஒரு டியூப் ரத்தம் எடுப்பார். பிறகு ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர். இரண்டு மணி நேரம் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்த பிறகு இன்னொரு டியூப். ஒப்பிட்டுப் பார்க்க, சுகர் பிரச்சினையே இல்லாத ஐம்பது பேர். அவர்கள் பெரும்பாலும் மருத்துவமனை ஊழியர்கள். முந்தின மாசம்தான் சுகர் பரிசோதனை செய்திருந்தார்கள் என்பதால் தண்ணீரும் இல்லை, காத்திருப்பும் இல்லை. ஒரு டியூப், ஒரு பிஸ்கட், போய் வாருங்கள்.

ஆய்வு பிரமாதமாக வந்திருந்தது. டாக்டரம்மா அளந்த மூன்று சைட்டோகைன்களும் பார்டர்க்காரர்கள் ரத்தத்தில் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. அது போதாதென்று ஓர் அதிசயம் வேறு. குளுக்கோஸ் குடித்தபிறகு எடுத்த டியூபில் மூன்றும் சொல்லிவைத்தாற்போல் இறங்கின. ஏன் இறங்க வேண்டும்? டாக்டரம்மா நாலு பக்கம் விளக்கம் எழுதினார். வழிகாட்டியான பேராசிரியர் அந்த நாலு பக்கத்தின் ஓரத்தில் 'அருமை' என்று எழுதியிருந்தார். மூன்று வருஷத்தில் அவர் எழுதிய ஒரே நல்ல வார்த்தை அது. மற்றபடி அவர் பேனாவுக்குக் கேள்விக்குறி போட மட்டுமே மை ஊற்றப்பட்டது. ஆய்வை ஒப்படைக்க இருபதாம் தேதி கடைசி. பல்கலைக்கழகம் ஏற்கனவே இரண்டு முறை தவணை கொடுத்தாயிற்று.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பஞ்சுவின் வீட்டுக்கு மச்சான் சாப்பிட வந்தார். மனைவியின் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். அவரும் அந்த ஐம்பத்திரண்டு பேரில் ஒருவர்தான். ஆய்வில் சேர்ந்ததிலிருந்து டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, தினமும் ஆறு மாடி ஏறி இறங்கினார்.

"லிஃப்டைச் சரிபண்ணிட்டு மாடிப்படில நடந்து வர்றேன். பார்க்கிறவனெல்லாம், இவனே ஏற மாட்டேங்கிறானேன்னு என் பின்னாடியே நடந்து வர்றான். தொழிலே படுத்துரும் போலிருக்கு."

"அண்ணே, தட்டுல ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டுப் பேசாத" என்றாள் மனைவி.

"தங்கச்சி, இது முதல் தடவையோட மிச்சம்."

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது மச்சானுக்கு மெஷின்கள் பக்கம் பேச்சுப் போனது. "மாப்ளே, உங்க ரத்தம் சுத்துற மெஷின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்தும்?"

"மூவாயிரம்."

"அடேயப்பா. எதிர் எடை போடுவீங்கல்ல?"

இந்தக் கேள்வியைக் கேட்க இரண்டு வருஷமாக யாரும் வரவில்லையே என்று பஞ்சு ஏங்கிக்கொண்டிருந்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதான் மச்சான் விஷயமே. ஒரு டியூபுக்கு எதிர்ல அதே எடைல இன்னொரு டியூப் இருக்கணும். இல்லன்னா மெஷின் ஆடி ஆடி மேசையை விட்டே நடந்து போயிரும். சாதாரணமா தண்ணி ஊத்தின டியூப் ஒண்ணை எதிர்ல வைப்போம். ஒரு நாள் அந்தத் தண்ணி டியூப் விரிஞ்சுபோச்சு. வேற வர ஒரு வாரம் ஆகும். என்ன பண்றதுன்னு யோசிச்சேன். ஒரே ஆளோட ரெண்டு டியூப் இருக்கு. ஒரே அளவு, ஒரே ரத்தம். ஒண்ணுக்கு எதிர்ல ஒண்ணை வச்சா? அண்ணனுக்கு எதிர்ல தம்பி. இம்மி பிசகாது. புது தண்ணி டியூப் வந்த பிறகும் நான் அதை மாத்தலை. ரெண்டு தடவை ஓட்ட வேண்டியது ஒரே தடவையா முடியுதே."

மச்சான் உண்மையாகவே பாராட்டினார். எதிர் எடையில் பிழைப்பு நடத்துகிறவரின் பாராட்டு லேசுப்பட்டதல்ல. பஞ்சுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அப்போ தம்பி வர்ற வரைக்கும் அண்ணன் எங்க இருப்பான்?" என்று கேட்டார் மச்சான்.

"ஸ்டாண்ட்ல."

"ரெண்டு மணி நேரமுமா?"

"ஆமா."

"கெட்டுப்போகாதா மாப்ளே?"

"ரத்தம் என்ன பாலா மச்சான், கெட்டுப்போக?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார் பஞ்சு. சிரிப்பு பாதியில் நின்றது. வாய் மட்டும் கொஞ்ச நேரம் திறந்தபடி இருந்தது.

உடம்பை விட்டு வெளியே எடுத்ததும் ரத்தம் செத்துவிடுவதில்லை. டியூபுக்குள்ளும் அணுக்கள் உயிரோடுதான் இருக்கும். மெஷினில் சுற்றி, அணுக்களை அடியில் தள்ளி, மேலே நிற்கும் நீரைப் பிரித்தெடுக்கிற வரைக்கும் அவை சேதி அனுப்புவதை நிறுத்தாது. சும்மா உட்கார வைத்தால் வம்பு பேசாத கூட்டம் எங்கே இருக்கிறது? அதனால்தான் மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு காகிதம்: 'ரத்தம் எடுத்த அரை மணிக்குள் சுற்றவும்.' ஒட்டியவர் பஞ்சு. நனையாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் உறை போட்டவரும் பஞ்சு. அவருக்குத் தெரியாத விஷயமல்ல. தெரிந்ததும் செய்ததும் ஒரே தலைக்குள் இரண்டு வருஷம், முகம் பார்த்துக்கொள்ளாத பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி குடியிருந்துவிட்டன.

பார்டர்க்காரர்களின் முதல் டியூப் இரண்டு மணி நேரம் ஸ்டாண்டில் உட்கார்ந்து வம்பு பேசியது. இரண்டாவது டியூப் எடுத்த கையோடு மெஷினுக்குள் போனது. அது இறங்காமல் என்ன செய்யும்? ஊழியர்களுக்கு இருந்ததே ஒரு டியூப். அதற்கு எதிரில் தண்ணீரை வைத்து அஞ்சே நிமிஷத்தில் சுற்றியாகிவிட்டது. அதில் வம்பு எங்கிருந்து வரும்? டாக்டரம்மாவின் இரண்டு மடங்கும், அந்த நாலு பக்கமும், பேராசிரியரின் 'அருமை'யும் பஞ்சுவின் புத்திசாலித்தனத்தில் விளைந்ததாக இருக்கலாம்.

"ஏங்க, என்ன ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?" என்றாள் மனைவி.

பஞ்சு சொன்னார். முழுக்கச் சொல்லி முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் குறுக்கே பேசவில்லை. அந்தக் குடும்பத்தில் அது அபூர்வம்.

"இது வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் மச்சான்.

"இப்போதைக்கு இந்த அறைல இருக்கிற மூணு பேருக்கு."

"எங்க வேலைல தப்பு பண்ணினா ஆள் தடால்னு கீழ வந்துருவான், ஊருக்கே தெரிஞ்சிரும். உங்க வேலை பரவாயில்ல மாப்ளே. தப்பு பாட்டுக்கு மேலயே தொங்கிட்டிருக்கும்."

"அந்தம்மா கையெழுத்துப் போட்டாதானே அடுத்த மாசம் உங்க வேலையை நீட்டிப்பாங்க?" என்றாள் மனைவி.

"ஆமா."

அவள் தட்டுகளை அடுக்கினாள். "நாளைக்குக் காலைல போனதும் சொல்லிடுங்க. தள்ளிப்போட்டீங்கன்னா உங்களால சாப்பிட முடியாது. நான் ஆக்கினது வீணாகும்."

மறுநாள் காலை பஞ்சு சொல்லத்தான் போனார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். உள்ளே நுழைந்ததும் டாக்டரம்மா ஒரு தாளை நீட்டினார். ஆய்வின் நன்றியுரை. அதில் மூன்றாவது வரியில், வலியே தெரியாமல் ரத்தம் எடுத்து, ஒரு மாதிரியைக்கூட வீணாக்காமல் பாதுகாத்த தொழில்நுட்பருக்கு என்று தொடங்கி அவருடைய முழுப்பெயர் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் அச்சாகாத பெயர்.

"சரியா இருக்கா பாருங்க பஞ்சு."

"எழுத்துப்பிழை இல்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டு, குளிர்சாதனப் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டார். அன்று மட்டும் அதை மூன்று முறை துடைத்தார்.

செவ்வாய்க்கிழமை வேறு வழியில்லாமல் சொன்னார். ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. "டாக்டர், முதல் டியூபை நான் உடனே சுத்தல" என்றுதான் வந்தது.

"எந்த முதல் டியூப்?"

"பார்டர்க்காரங்களோட முதல் டியூப். ரெண்டையும் சேர்த்துச் சுத்தினேன். எதிரெதிரா. எடை சரியா இருக்கும்னு."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஃப்ரீசர் உறுமியது. கண்ணாடி மேசையில் கொஞ்சம் நகர்ந்தது.

"படிவத்துல சுத்தின நேரம்னு எழுதியிருக்கீங்களே."

"ஒரு கட்டம்தான் இருக்கு டாக்டர். சுத்தினதும் ஒரு தடவைதான். அந்த நேரத்தைத்தான் எழுதினேன்."

படிவத்தை உருவாக்கியவர் டாக்டரம்மா. இரண்டு டியூபுக்கு ஒரே கட்டம் போட்டவரும் அவர். அதை அவர் கவனித்ததை பஞ்சு கவனித்தார்.

"எந்தத் தேதியிலிருந்து?"

"தண்ணி டியூப் விரிஞ்ச அன்னைலேர்ந்து. பதினஞ்சாவது ஆள்."

"நிச்சயமாவா?"

"பதினாலாவது ஆள் ரத்தத்தைப் பார்த்ததும் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கப் போனபோதுதான் முழங்கை பட்டு டியூப் விரிஞ்சுது."

டாக்டரம்மா கணினியில் முதல் பதினாலு பேரைத் தனியாகப் பிரித்தார். அவர்களுடைய இரண்டு டியூபும் தனித்தனியாக, உடனுக்குடன் சுற்றப்பட்டவை. திரையில் கோடு வரைந்து வந்தது. குளுக்கோஸுக்கு முன்பும் பின்பும் ஒரே மட்டம். இறக்கமே இல்லை. ஊழியர்களோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கும் இல்லை. ஒரே ஒரு சைட்டோகைன் மட்டும் கொஞ்சம் மேலே நின்றது, கூட்டத்தில் குதிகாலை உயர்த்திப் பார்க்கிறவன் மாதிரி.

அடுத்து மீதி முப்பத்தெட்டு பேர். அதில் எல்லாமே இருந்தது. இரண்டு மடங்கு, இறக்கம், அதிசயம்.

டாக்டரம்மா அந்த நாலு பக்கத்தையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"நாலு பக்கம் எழுதினேன் பஞ்சு."

"படிச்சேன் டாக்டர்."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. எனக்கே நம்பிக்கை வந்துருச்சு."

அவர் சிரிக்கவில்லை. பஞ்சுவும் அதைச் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னபோது அது ஜோக் மாதிரி கேட்டுத் தொலைத்தது.

அதன்பிறகு இரண்டு வாரம் டாக்டரம்மா அவரோடு தேவைக்கு மட்டும் பேசினார். கத்தியிருந்தால் பஞ்சு தாங்கியிருப்பார். "அந்தப் பெட்டியை எடுத்துக் கொடுக்கிறீங்களா, நன்றி" என்கிற மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டில் மனைவி சமைத்ததை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டார். சொல்லியாகிவிட்டதால் பசித்தது.

பேராசிரியர் மூன்றாம் மாடிக்கே வந்தார். பஞ்சு மெஷினைத் துடைப்பதுபோல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் போய் ஏம்மா அலட்டிக்கிறீங்க? குறைபாடுகள்னு ஒரு தலைப்பு இருக்குமில்ல, அதுல ஒரு வரி போட்டுட்டு இருபதாம் தேதி கொடுத்துடுங்க. அந்தப் பக்கத்தை யாரும் படிக்கிறதில்ல."

"நீங்க படிப்பீங்களா சார்?"

"நானா? நான் எதுக்கு?"

"அப்போ என் ஆய்வை யார்தான் படிக்கிறாங்க?"

"மூணாவது தவணை கேட்டா என்னைத்தான் திட்டுவாங்க" என்று முனகிக்கொண்டே பேராசிரியர், டாக்டரம்மா நீட்டிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பல்கலைக்கழகம் எட்டு மாசம் கொடுத்தது. அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது, பதிவே ரத்தாகும் என்று அழுத்தமான எழுத்தில் அச்சடித்து அனுப்பியது. டாக்டரம்மாவும் மகளும் ஒன்றாகப் பட்டம் வாங்குவதாக இருந்தது. மகள் மட்டும் வாங்கினாள். விழாவுக்கு டாக்டரம்மா அரைநாள் லீவில் போய்விட்டு மதியம் நோயாளிகளைப் பார்க்க வந்துவிட்டார்.

முப்பத்தெட்டு பேரையும் திரும்பக் கூப்பிடுகிற வேலையை பஞ்சு எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை. ஃபோன் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மறுபடியும் ரத்தமா? முன்னாடி எடுத்ததை என்னய்யா பண்ணினீங்க, குடிச்சிட்டீங்களா?"

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேங்க. உங்க ரத்தத்து மேல தப்பில்ல."

"என்ன தப்பு?"

ஒவ்வொருவருக்கும் சொன்னார். தண்ணி டியூப், அண்ணன், தம்பி, ஸ்டாண்ட். பத்தாவது ஆளுக்குச் சொல்லும்போது அதிலிருந்த பெருமையெல்லாம் கழன்றுபோய், கதை அவருக்கே அலுத்துவிட்டது. இருபதாவது ஆளுக்கு இரண்டே வாக்கியத்தில் முடித்தார். சிலர் திட்டினார்கள். ஒருவர் ஊரை விட்டுப் போயிருந்தார். இரண்டு பேர் பார்டரைத் தாண்டி மாத்திரைக்குப் போய்விட்டார்கள். இருபத்தாறு பேர் வந்தார்கள். மச்சான்தான் முதலில் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டபடி, "இந்தத் தடவையாவது ஒழுங்கா சுத்துங்க மாப்ளே, எனக்கு ரத்தம் ஒண்ணும் குழாய்ல வரல" என்றார்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் டாக்டரம்மா, மெஷின் சுற்றுகிற சத்தத்துக்கு மேலே, "பஞ்சு, அந்த ஜன்னலைச் சாத்துங்க" என்றார். நன்றி சொல்லவில்லை. பஞ்சுவுக்கு அது போதுமாக இருந்தது. வேலை நீட்டிப்புப் படிவமும் கையெழுத்தோடு திரும்பி வந்தது. எப்போது போட்டார் என்று தெரியாது. தேதியைப் பார்த்தால் அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள்.

முடிவு வந்தது. பழைய பதினாலும் புதிய இருபத்தாறும், நாற்பது பேர். இரண்டு சைட்டோகைன்கள் எல்லோரையும் போலத்தான். ஒன்று மட்டும் பார்டர்க்காரர்களிடம் சற்றே கூடுதல். இருந்தது, ஆனால் சின்னது. குளுக்கோஸ் குடித்தபின் எதுவும் இறங்கவில்லை. பேராசிரியர் ஓரத்தில் இந்த முறை எதுவும் எழுதவில்லை, கேள்விக்குறியும் போடவில்லை. "ரொம்பச் சின்ன ஆய்வும்மா. ஆனா நிக்கும்" என்று வாயால் சொன்னார்.

கடைசியாக ஒரு பத்தி பாக்கி இருந்தது. முப்பத்தெட்டு மாதிரிகளை ஏன் தள்ளினோம் என்று எழுத வேண்டும். நடந்தது முழுக்கத் தெரிந்தவர் ஒரே ஆள்தான் என்பதால், டாக்டரம்மா தன் மேசை பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு பஞ்சுவை உட்காரச் சொன்னார்.

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். உள்ளதை உள்ளபடி."

பஞ்சு தொண்டையைச் செருமினார். "ஒரு டெக்னீஷியன் இருந்தான். அவனுக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம், தனக்கு மூளை இருக்குதோன்னு."

"பஞ்சு."

"சரி டாக்டர். முப்பத்தெட்டு பேரோட முதல் டியூபை, ரெண்டாவது டியூப் வர்ற வரைக்கும், சராசரியா ரெண்டு மணி அஞ்சு நிமிஷம், சுத்தாம ஸ்டாண்ட்ல வச்சிருந்தோம்."

டாக்டரம்மா தட்டச்சு செய்தார். "காரணம்?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலையே டாக்டர்."

"காரணம் இல்லாம எழுத முடியாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, 'நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு' என்று தட்டினார். திரையை பஞ்சு பக்கம் திருப்பினார். "சரியா?"

பஞ்சு படித்தார். ஸ்டூலில் நெளிந்தார்.

"எட்டு மாசம் போயிருக்கு டாக்டர். மிச்சம்னு எழுதினா படிக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

டாக்டரம்மாவின் தோள் குலுங்கியது. ஃப்ரீசரின் நடுக்கம் என்றுதான் பஞ்சு முதலில் நினைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அந்த வரியை அழித்துவிட்டு, 'இயந்திரத்தை ஒரு முறை குறைவாக இயக்குவதற்காக' என்று எழுதினார்.

"இது?"

"இது உண்மை."

"அடுத்த வரி சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.